வெள்ளைப் பூ விழும்போது

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று காலை கருவாடு பொரித்தேன். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

நான் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கொப்பியை யாரும் படிக்கக் கூடாது. செத்த பிறகு யார் படித்தாலும் விளங்க வேண்டும். அதனால் விவரமாக எழுதுகிறேன். என் பெயர் றெஜினா, வயது பதின்மூன்று. நானும் அம்மாவும் ஏதென்ஸ் நகரத்தில், கடலுக்குக் கிட்டே ஒரு பெரிய வீட்டின் கீழறையில் இருக்கிறோம். வீடு பாடகி ஃபோத்தினி கரவாவுடையது. அந்தப் பெயரைச் சொன்னால் பேருந்து ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்ப்பார். முப்பது வருடம் இந்த நாட்டையே ஆட வைத்துவிட்டு, ஒருநாள் நிறுத்திவிட்டார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா அவருக்குச் சமைத்து, வீட்டைத் துடைத்து, துணி தோய்க்கிறார். எங்கள் விசாவைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் அவருடைய கையெழுத்து வேண்டும். ஆகவே இந்த வீட்டில் எங்களால் சத்தம் வரக் கூடாது, மணம் வரக் கூடாது. கருவாடு கூடவே கூடாது.

அம்மா மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். காய்ச்சல் என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். மன்னாரிலிருந்து சித்தி அனுப்பிய கட்டாக் கருவாட்டை எண்ணெயில் போட்டதும் புகை எழும்பியது. குசினி முகட்டிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அங்கே, தூங்குகிறார் என்று நான் நினைத்த கிரியா ஃபோத்தினி சாய்வுக் கதிரையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். (கிரியா என்றால் அம்மையார் போல ஒரு மரியாதைச் சொல்.) அவர் தலைக்கு நேர்மேலே இன்னொரு அலாரமும் அலறியது. அவர் பக்கத்தைப் புரட்டினார். பிறகு மூக்கைச் சுளித்து நிமிர்ந்தார்.

"மீன் மணக்குது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ கிரியா, நான்தான்…"

"கையை எடு, கொரித்சாகி. வாயில இருந்து கையை எடு."

கொரித்சாகி என்றால் சின்னப் பெண்ணே. மூன்று வருடமாக அவர் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை 'கையை எடு' தான். பல்லைக் காட்டிக் கதைக்காதே என்று சிறுவயதில் அம்மா பழக்கியது. எனக்குக் கை தானாகவே வாய்க்குப் போய்விடும். அந்தப் பழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

நான் அண்ணாந்து அலாரத்தைப் பார்த்தேன். என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைவதைப் பார்த்தார். அவர் முகம் மாவாக வெளுத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிரியா ஃபோத்தினிக்குக் காது கேட்காது.

என் தோளை இறுக்கிப் பிடித்தார். "ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. உன்ர அம்மாவுக்கும். சத்தியமா?"

"சத்தியமா."

பிறகு குசினிக்கு வந்து இரண்டு துண்டு கருவாடு தின்றார். பாண் ரொட்டி இல்லையா என்று கேட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அம்மா தூங்கியதும் துணி தோய்க்கும் அறைக்கு வந்து, மெஷினில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். வாய்தவறிச் சொல்லிவிட்டால் கிரியா கையெழுத்துப் போட மாட்டார். எங்களை இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவும் விசித்திரமான ஆள்தான். எனக்கு அவ்வளவு மரியாதை பழக்குகிறவர், கிரியாவின் அறைக் கதவைத் தட்டுவதேயில்லை. லைட்டை இரண்டு தரம் போட்டு அணைத்துவிட்டு உள்ளே போகிறார். கரண்டு வீண்.

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளிக்கூடம் தொடங்கியது. எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாயைப் பொத்தியபடியே வாசித்தேன். பின்வாங்கிலிருந்து நிக்கோஸ், "இவளுக்குச் சத்தம் கூட்டுற பொத்தான் எங்க இருக்கு?" என்றான். ஆசிரியரும் சிரித்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை! கிரியா மறுபடியும் பாடப் போகிறார்!

லெஃப்தேரிஸ் என்கிற மனிதர் பெரிய பூங்கொத்தோடு வந்தார். கடற்கரையில் அவருடைய பாட்டுக் கிளப் இருக்கிறது. ஒரே ஒரு மாலை நிகழ்ச்சி, அக்டோபர் இருபது, தொலைக்காட்சிக்காகப் பதிவு, நேரடி ரசிகர்கள். கிரியா யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

நான் கோப்பித் தட்டோடு நின்றேன். லெஃப்தேரிஸ், தன் உதடு கிரியாவுக்குத் தெரியாதபடி யன்னல் பக்கம் திரும்பி, கடலைப் பார்த்துக்கொண்டே, "கடைசிப் பாட்டு எது?" என்று கேட்டார்.

"சீனி வேண்டாம்" என்றார் கிரியா.

லெஃப்தேரிஸ் திரும்பினார். இரண்டு கையிலும் தட்டைப் பிடித்திருந்தேன், வாயைப் பொத்தக் கை இல்லை. "கடைசிப் பாட்டு எது எண்டு கேக்கிறார், கிரியா. நான்தான் சீனி வேணுமோ எண்டு இடையில கேட்டுட்டன்" என்றேன்.

"ஆழம்" என்றார் கிரியா. "கடைசியில 'ஆழம்' பாடாட்டிச் சனம் கதிரையை உடைக்கும்."

லெஃப்தேரிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கிரியா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். பொய் சொன்னது பாவம்தான். ஆனால் இவ்வளவு சந்தோஷமான பாவத்தை நான் இதுவரை செய்ததில்லை.

பூங்கொத்தில் இருந்த வெள்ளைப் பூக்களை அம்மா வழக்கம்போலப் பிரித்தெடுத்து மன்னாரிலிருந்து கொண்டுவந்த மடு மாதா படத்துக்கு வைத்தார். வெள்ளைப் பூ மாதாவுடையது, அதைக் குப்பையிலோ தரையிலோ விடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

செப்டம்பர் 21, சனி

கிரியாவின் பாட்டுகளுக்குப் பரிசாகக் கிடைத்த தங்க இசைத்தட்டுகளைத் துடைக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். சுவர் நிறையத் தொங்குகின்றன. துடைக்கத் துடைக்கக் கிரியா ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார். நான் வாயைப் பொத்தாமல் கேள்வி கேட்டேன்.

அவர் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அங்கே ஆண்கள் கடலுக்கு அடியில் போய்ப் பஞ்சு அறுப்பார்கள், குளிக்கவும் துடைக்கவும் பாவிக்கிற கடற்பஞ்சு. அவருடைய அப்பாவும் அப்படிச் சுழியோடியவர்தான். ஆழத்து அழுத்தத்தில் அவருக்கு இரண்டு செவிப்பறையும் போய்விட்டன.

"நான் வாயைப் பெரிசாத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால வடிவாச் செய்து பாடுவன். அப்பா எனக்கு முன்னால இருந்து கண்ணால கேப்பார். அப்பிடித்தான் பாடப் பழகினன்."

பதினாறு வயதில் கப்பலேறித் துறைமுக நகரத்துக்கு வந்தார். மீன் பெட்டி அடுக்கும் இடத்தில் வேலை. அங்கே பாடியதைக் கேட்ட ஓர் இசையமைப்பாளர் முதல் இசைத்தட்டைப் போட்டார். பிறகு அவரையே கல்யாணம் செய்து, பிறகு அவரையே விட்டுவிட்டார். ("பாட்டு நல்லாப் போட்டான். மற்றது ஒண்டும் போடத் தெரியாது.") முதல் தட்டு வந்தபோது பத்திரிகைகள் 'பெரியவாய் ஃபோத்தினி' என்று கேலிப்படம் போட்டன. அந்தப் படத்தையும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார், தங்கத்தட்டுகளுக்கு நடுவில்! ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு நாட்டின் சார்பாகப் போய்ப் பதினேழாவதாக வந்தார். விமான நிலையத்தில் முதலாவதாக வந்தது போலச் சனம் திரண்டதாம். விளையாட்டு மைதானத்தில் பாடிய இரவு, மழை கொட்டியும் ஒருவரும் எழும்பவில்லையாம்.

"பிறகு ஏன் விட்டனீங்க?"

"ஒருநாள் மேடையில, வாத்தியக்காரர் பாட்டை முடிச்ச பிறகும் நான் பாடிக்கொண்டு நிண்டன். எனக்குத் தெரியேல்ல. சனம் அதை ஸ்டைல் எண்டு நினைச்சுக் கைதட்டினது. அண்டைக்கே வீட்டுக்கு வந்திட்டன்."

'ஆழம்' அவர் தன் அப்பாவை நினைத்துப் பாடியது. முதல் அடி இப்படி: கீழே என்ன கண்டாய், அப்பா?

என் அப்பாவைப் பற்றி இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். எங்கள் கடலைப் பற்றியும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

திட்டம் போட்டுவிட்டோம்!

கிரியா வெறுங்காலோடுதான் பாடுவார். அது அவருடைய புதுப் பாணி என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. உண்மையில் டிரம்மின் அடி மரத்தரை வழியாகப் பாதத்துக்கு வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் பாடிவிடலாம். 'ஆழம்' மட்டும் முடியாது. அதன் தொடக்கத்தில் டிரம் இல்லை. புசூக்கி என்கிற கம்பி வாத்தியம் தனியாக வாசிக்கும். வாசிக்கிறவருக்கு மனம் வருகிற மட்டும் இழுப்பார், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நீளம். அது எப்போது முடிகிறது என்று கிரியாவுக்குத் தெரிய வழியில்லை. கமராவுக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருக்கும் அவரைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது.

"வாசிக்கிறவரிட்டச் சொன்னா என்ன?"

"ஸ்தாத்திஸ் லெஃப்தேரிஸின்ர மருமகன். அவனுக்குச் சொன்னா மாமனுக்குத் தெரியும், மாமனுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். செவிட்டுப் பாடகி எண்டு பாக்க வருவாங்கள். கேக்க வரமாட்டாங்கள்."

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கிளப்பில் பாட்டுப் பிடித்தால் சனம் பாடகர்மேல் பூ எறியும். காம்பில்லாத கார்னேஷன் பூக்களைத் தட்டில் குவித்து மேசை மேசையாகக் கொண்டுபோவார்கள். வாங்கி அள்ளி எறிவார்கள். பாடகர்கள் பூமேல் நடந்து பாடுவார்கள். அம்மாவுக்கு இதைக் கேட்டாலே பிடிக்காது. "பூவை மிதிக்கிறதும் ஒரு மரியாதையோ?" என்பார்.

நிகழ்ச்சி அன்றைக்கு எல்லாப் பூவும் சிவப்பு. நான் பூத்தட்டோடு மேடைக்குக் கீழே, நேர் முன்னால் நிற்பேன். புசூக்கி இறங்கி இறங்கி, கடைசியாக அடிக்கம்பியில் மூன்று தட்டுத் தட்டும்போது நான் ஒரு வெள்ளைப் பூவை அவர் காலடியில் எறிய வேண்டும். பூ விழுந்ததும் அவர் தொடங்குவார்.

மஞ்சள் கூடாதா என்று கேட்டேன். மேடை வெளிச்சத்தில் வெள்ளைதான் தெரியும் என்றார். சரி, அம்மாவுக்குத் தெரியாமல் சிவப்புக்கு அடியில் ஒளித்து வைத்துவிடலாம்.

இந்த நாட்டில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்!

அக்டோபர் 5, சனி

வீட்டில் பயிற்சி. புசூக்கி இல்லாததால் அதன் இசையை நான் வாயால் முணுமுணுக்க வேண்டியிருந்தது. சொற்களையும் சேர்த்துக்கொள் என்றார். சேர்த்தேன். கிரியா தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முடிந்ததும் கையை எடுக்கவில்லை.

"உனக்குப் பாடச் சொல்லித் தந்தது ஆர்?"

"நான் பாடேல்ல கிரியா. சும்மா முணுமுணுத்தனான்."

"ஓமோம். நானும் சும்மாதான் முணுமுணுத்தனான், முப்பது வருசம்."

மேலே அம்மா தூசி உறிஞ்சும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் முதல் அடியைச் சொன்ன இடத்தில் அது நின்றது. வெகுநேரம் ஓடவில்லை. பழுதாகிவிட்டதாக்கும்.

அக்டோபர் 13, ஞாயிறு

கிளப்பில் ஒத்திகை. ஸ்தாத்திஸ் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். பூ சரியான இடத்தில் விழுந்தது. கிரியா சரியான இடத்தில் பிடித்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்டோபர் 19, சனி

நாளைக்கு! சாப்பிட முடியவில்லை. பூ அடுக்க ஆள் போதவில்லை என்று அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

தூங்க முடியாது. முழுவதையும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மத்தியானமே போய்விட்டோம். குசினிக்குப் பின்னால் பெண்கள் வட்டமாக இருந்து பூக்களின் காம்பைக் கிள்ளித் தட்டில் அடுக்கினார்கள். அம்மாவின் விரல் வேகத்தைப் பார்த்து, "இவ மெஷினா மனுசியா?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் தட்டின் அடியில் ஆறு வெள்ளைப் பூக்களை வைத்து, மேலே சிவப்பை மூடினேன். பிறகு எனக்குக் கறுப்பு ஏப்ரன் கட்டிவிட லெஃப்தேரிஸின் ஆட்கள் கூப்பிட்டார்கள். போனேன். தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

ஆறு மணிக்கு விளக்குகள் அணைந்தன. கிரியா நீலச் சட்டையும் வெறுங்காலுமாக வந்தார். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஐந்நூறு பேர் எழும்பி நின்று கத்தினார்கள். கிழவர்கள் கதிரைமேல் ஏறினார்கள். அவருக்கு அது எதுவும் கேட்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். ஆனால் தரை அதிர்ந்தது. அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் பாட்டிலேயே பூ மழை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. ஓர் இடம்கூடப் பிசகவில்லை. பல்லில்லாத ஒரு தாத்தா என் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி எறிந்துவிட்டு, "இதுக்குத்தான் நான் இன்னும் சாகேல்ல, பிள்ளை!" என்றார். நானும் குதித்தேன். பயம் என்பதையே மறந்துவிட்டேன்.

கடைசியில் விளக்கு நீலமானது. 'ஆழம்'. ஸ்தாத்திஸ் கண்ணை மூடித் தொடங்கினார். சனம் மூச்சு விடவில்லை. நான் வெள்ளைப் பூவுக்காகத் தட்டின் அடியில் கையை விட்டேன்.

சிவப்பு. இன்னும் கீழே, சிவப்பு. தட்டின் தகரம் கையில் தட்டுப்பட்டது. ஏப்ரன் மடியில் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு.

புசூக்கி இறங்கத் தொடங்கிவிட்டது. சுற்றிலும் சனம் சிவப்புப் பூவை எறிந்துகொண்டே இருக்கிறது. நான் இன்னொரு சிவப்பை எறிந்து என்ன பயன்? கிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், வெள்ளைக்காக. மூன்று தட்டும் முடிந்தது. ஸ்தாத்திஸ் நிறுத்தினார். ஒன்றுமே இல்லை. அவர் கண்ணைத் திறந்து கிரியாவின் முதுகைப் பார்த்தார். மறுபடியும் மூன்று தட்டுத் தட்டினார். கமராக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். எங்கோ ஒருவர் இருமினார். லெஃப்தேரிஸ் எழும்பிவிட்டார்.

கிரியா தலையை நிமிர்த்தினார். என்னைத் தேடினார். அவர் முகத்தில் அலாரம் அலறிய அன்றைக்கு இருந்த அதே வெள்ளை.

என் கை வாயில் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. அந்தக் கைக்கு மேலே என் கண்ணை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. கையை எடு, கொரித்சாகி. அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

கையை எடுத்தேன். வாயைப் பெரிதாக, முடிந்த மட்டும் பெரிதாகத் திறந்தேன். ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் செய்தேன்.

கீழே என்ன கண்டாய், அப்பா?

சொல்லத்தான் நினைத்தேன். வந்தது பாட்டு. ஒலிவாங்கி இல்லாமல் அந்தப் பெரிய மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. அது என் குரல் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் எடுத்தது. கிரியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொல்லில் அவருடைய வாயும் திறந்தது. அடுத்த அடியை அவர் எடுத்தார். மூன்றாவது அடியை இருவரும் பாடினோம். அப்போது டிரம் வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டது. நான் நிறுத்தினேன். கண்ணில் ஏதோ புகை.

மண்டபம் பைத்தியம் பிடித்தது போலானது. முன்பே திட்டமிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பூக்கள் என்மேலும் விழுந்தன! என்மேல்!

பிறகு உடைமாற்றும் அறையில் லெஃப்தேரிஸ், "அந்தச் சின்னவளை முன்னால நிப்பாட்டினது ஆற்ற யோசனை? தங்கம்!" என்று குதித்தார். கிரியா கதவைச் சாத்தினார். அவரையும் ஸ்தாத்திஸையும் இருக்கச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லிவிட்டார். "எனக்குக் காது கேக்காது, பல வருசமா."

ஸ்தாத்திஸ் அழுதுவிட்டார். "முன்னமே சொல்லியிருந்தா நான் உங்களுக்கு முன்னால வந்து இருந்து வாசிச்சிருப்பனே, கிரியா. பூவுக்கு என்ன வேலை?"

அவர் சொன்னதைக் கிரியா மறுபடி சொல்லச் சொன்னார். ஸ்தாத்திஸ் குரலை உயர்த்தவில்லை. நன்றாக முகத்துக்கு நேரே, மெதுவாக, மறுபடி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கைப்பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். ஆறு வெள்ளைப் பூக்கள். நூலில் நெருக்கமாகக் கட்டியிருந்தார். மாதா படத்துக்குப் போட்டார்.

"மிதிபடப் போற பூத்தட்டுக்க கிடந்தது. மாதாவுக்கெண்டு எடுத்து வைச்சன். நல்ல வடிவான பூ, என்ன?"

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். சத்தியம் இனி எதற்கு? எல்லாவற்றையும் சொன்னேன். அலாரம், சீனி, வெள்ளைப் பூ. அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயோ மாதாவே. எனக்கொரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோடி?"

"அவவுக்குக் காது கேக்காதெண்டு உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது? ஒருத்தருக்கும் சொல்லமாட்டனெண்டு சத்தியம் பண்ணினனான்."

"எனக்கு வந்த முதல் மாசமே தெரியும். லைட்டைப் போட்டு அணைக்கிறது விளையாட்டுக்கெண்டு நினைச்சியோ? நானும் அவவிட்ட வாய் திறக்கேல்ல, உன்னட்டயும் திறக்கேல்ல. நீ பயப்பிடுவாயெண்டு."

"விசா?"

"அவ போன கிழமையே கையெழுத்துப் போட்டிட்டா."

இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். அம்மாவின் கை சேலைத் தலைப்புக்குப் போனது, பிறகு பாதியில் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முன்வாயில் ஒரு பல் இல்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழும்பினேன். கை மேலே வரப் பார்த்தது. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நிக்கோஸ், "பொத்தானைக் கண்டுபிடிச்சிட்டாளடா!" என்றான். "இன்னும் கூடும், பயப்பிடாத" என்றேன். இந்த முறை எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சனிக்கிழமைகளில் கிரியா எனக்குப் பாட்டுச் சொல்லித் தரப் போகிறார். காது கேட்காதவர் எப்படிச் சொல்லித் தருவார் என்று கேட்டேன். "எதிர்ல வந்து நில்லு. நீ பிழை விட்டா நான் கண்டுபிடிப்பன்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இந்தத் துணி தோய்க்கும் அறையின் லைட் இரண்டு தரம் அணைந்து எரிந்தது. கதவடியில் அம்மாவின் நிழல் நிற்கிறது. எனக்குத்தான் காது கேட்குமே. இருந்தும் அப்படித்தான் தட்டுகிறார்.

"அப்பாவுக்கு ஒருக்காப் பாடிக் காட்டிப்போட்டு வந்து படு, பிள்ளை" என்கிறார்.

மாதா படத்துக்குப் பக்கத்தில்தான், கடலுக்குப் போய்த் திரும்பி வராத அப்பாவின் படம் இருக்கிறது. நான் போகிறேன்.